புகைக்கு ஒரு முகவரி

நஞ்சாபுதூர் முக்கில் நட்டிருக்கும் கம்பத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் மூலமானி. ஊர் வைத்த பெயர் மூக்கன். ஆள் உயரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குழாய். அதைப் பார்த்த யாருக்கும் வேறு பெயர் தோன்றியிருக்காது. குழாய் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். உள்ளே தூசியை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒளி பாய்ச்சி, இது டயர் தேய்ந்தது, இது சிமெண்ட், இது குப்பை எரித்தது, இது இன்னார் வீட்டு ஜெனரேட்டர் என்று எழுதிக்கொண்டே போகும். கோயம்புத்தூரின் மேல் பழுப்பாக மூடிக் கிடந்த காற்றை ஆறே வருடத்தில் வெளுத்து எடுத்தது இந்த மூக்கன்கள்தான். காலையில் மொட்டை மாடிக்குப் போனால் மேற்கே மலை தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் அது எப்போதும் அங்கேதான் இருந்ததா என்று கேட்டார்கள்.

அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவதில் துளசிமணிக்கு ஒரு நிறைவு உண்டு. காற்றுத் துறையில் அவள் சான்றாளர். பத்தொன்பது வருடமாக அதே துறை, அதே ஏரியா; மூக்கன் வந்ததிலிருந்து இந்த வேலை. சலித்துவிட்டதா என்று கேட்டால் சிரிப்பாள். ஊரே சுத்தமாக மூச்சு விடுவதற்குத் தானும் ஒரு காரணம் என்று நினைக்கிறவளுக்குச் சலிப்பு எங்கிருந்து வரும்?

சான்றாளரின் வேலை மூக்கனுக்குப் பெயர் சொல்லிக்கொடுப்பது. மோப்பம் பிடிக்க அதற்குத் தெரியும், ஆனால் எது யாருடையது என்று தெரியாது. துளசிமணி ஒரு கைக்கருவியை எடுத்துக்கொண்டு புகை வருகிற இடத்துக்கே போவாள். இருபது நிமிடம் குழாயைப் பிடிப்பாள். பெயரையும் கதவு எண்ணையும் தட்டி முத்திரை வைப்பாள். அதற்குப் பிறகு அந்தப் புகை எந்தத் தெருவில் போய் ஒளிந்தாலும் மூக்கன் விடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வரும். முதலிடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அந்த ஒரு புகைவாயை ஆறு மாதம் மூடி முத்திரை வைக்க வேண்டும். மேல்முறையீடு கிடையாது. முன்பு பிளாஸ்டிக் உருக்கும் ஆலை ஒன்று மாட்டியது. அப்புறம் ஒரு சாயப்பட்டறைக் கொதிகலன். அதற்கடுத்து ஒரு பெரிய அடுக்குமாடியின் ஜெனரேட்டர். ஒவ்வொரு முறையும் ஊர் கை தட்டியது. இந்தமுறை துளசிமணி பட்டியலைத் திறந்து பார்த்தாள். முதலிடம்: ராக்கியப்பன், பொரிக் கொட்டகை.

வியாழக்கிழமை மத்தியானம் அறிவிப்பைக் கொடுக்கப் போனபோது ராக்கியப்பன் சூட்டு மணலில் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டிய மாத்திரத்தில் அரிசி சடசடவென்று பூத்து வாணலி நிறைந்தது. சல்லடையில் அள்ளி மணலை உதறிவிட்டு ஒரு கை பொரியை அவளிடம் நீட்டினார். அறுபதை நெருங்கும் ஆள், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தக் கொட்டகையை நம்பி ஏழு குடும்பம் இருந்தது.

"சூடா இருக்குது, சாப்புடுங் அம்மணி. அதென்னங் கையில காயிதம்?"

திங்கட்கிழமை அடுப்பை மூட வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் அடுப்புக்கு உமி தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆறு மாசமுங்களா? ஆயுத பூஜை வருதுங்களே! வருசத்துல பாதி யாவாரம் எனக்கு அந்த ஒரு வாரந்தானுங்க."

"தெரியுமுங்கண்ணா. சட்டம் அப்படி இருக்குது."

"நா ஒண்ணு கேக்குறனுங். இந்தா ரோட்டுல விடிஞ்சதுலிருந்து எத்தனை வண்டி போகுது. கரண்டு வண்டியா இருந்தாலும் டயர் தேயுது, பிரேக் தேயுது, மண்ணப் பறக்க உடுது. அக்கட்டால கட்டடம் கட்டறாங்க, சிமெண்டு பறக்குது. எம்பட உமிப்புகை அதைய உடவா பெருசு?"

"மொத்தமாப் பாத்தா ரோட்டுத் தூசிதானுங்கண்ணா பெருசு. ஆனா ஆயிரம் வண்டின்னா ஆயிரம் பேரு. மூக்கன் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு துளிதான் வரும். நீங்க ஒரே ஆளு."

ராக்கியப்பன் சல்லடையைக் கீழே வைத்தார்.

"அப்ப கூட்டமா சேந்து பண்ணுனா யாரும் பண்ணுலீன்னு அர்த்தமுங்களா?"

 பயிற்சியில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லித் தரவில்லை. அவர்தான் அவளுக்காக இரக்கப்பட்டார். "உங்களச் சொல்லி என்னங் ஆவுது. திங்கக்கிழமை தானுங்களே? நாளைக்கு எப்படியும் அமாவாசை, லீவு. சனி, ஞாயிறு ரெண்டு நாள் ஓட்டிக்கறோம்" என்று சொல்லி, வீட்டுக்கு என்று ஒரு பை பொரியையும் கட்டிக்கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அமாவாசை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளுக்கு ஞாயிறு லீவோ இல்லையோ, அமாவாசை லீவு கட்டாயம் உண்டு. தெரு ஓய்ந்து கிடந்தது. கடைகள் முன்னால் பூசணிக்காய் உடைத்த சிவப்பு. ஒவ்வொரு வாசலிலும் சூடம் எரிந்த கரி. காதர் பாய் கையில் சாம்பிராணித் தட்டோடு கடைகடையாகப் போய் மயிலிறகால் புகையை உள்ளே வீசிக்கொண்டு வந்தார். பட்டியல் உறுதியாவதற்கு முன் கடைசி நாள் அளவை எடுக்கத் துளசிமணி மூக்கனிடம் போனாள். திரையைத் தட்டினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி தட்டினாள்.

ராக்கியப்பன், பொரிக் கொட்டகை: இன்று முப்பத்தொன்று சதவீதம்.

லீவு என்று சொல்லிவிட்டுத் திருட்டுத்தனமாக அடுப்பு மூட்டுகிறாரா? கோபம் சுர்ரென்று ஏறியது. நேராகக் கொட்டகைக்குப் போனாள். அடுப்புக்குள் கை விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. சாம்பலின் மேல் ஒரு பூனை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ராக்கியப்பனும் அதே மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எந்திரிங்க. இன்னைக்கு அடுப்பு மூட்டுனீங்களா?"

"அமாவாசைக்கா? எங்கய்யன் காலத்துலிருந்து மூட்டுனதில்லீங்."

அவள் கைக்கருவியில் பழைய அளவுகளைப் புரட்டினாள். போன அமாவாசை, முப்பது. அதற்கு முந்தின அமாவாசை, முப்பத்திரண்டு. வெள்ளிக்கிழமைகளில் இருபது, இருபத்தைந்து. மற்ற நாளில், அடுப்பு முழு வேகத்தில் எரிகிற நாளில், வெறும் மூன்று. அடுப்பு அணைந்தால்தான் இந்த மனுஷன் புகைகிறார்! எங்கோ உதைத்தது. பதிவுத் தேதியைத் தேடினாள். போன ஆயுத பூஜை. முத்திரை: துளசிமணி.

அப்போதுதான் அந்தக் காலை முழுசாக ஞாபகம் வந்தது. கடைசி ஈடு பொரி இறங்கியதும் அடுப்புக்குப் பொட்டு வைத்தார்கள், சல்லடைக்குப் பொட்டு வைத்தார்கள். "உங்க ஆயுதமும் ஆயுதந்தானுங்களே" என்று அவள் கைக்கருவிக்கும் சந்தனம் தடவி, குழாயில் ஒரு முழம் கதம்பம் சுற்றினார்கள். சாம்பிராணி போட்டார்கள். தட்டு நிறையச் சூடத்தை ஏற்றி அடுப்புக்கும் கருவிக்கும் சேர்த்துச் சுற்றினார்கள். கருவி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பூஜை நடக்கும்போது எப்படி நிறுத்துவது, நல்ல நாளில் அபசகுனமாக இருக்குமே என்று அவளும் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அது மட்டுமா, சூடத்தட்டை வாங்கித் தன் கையாலும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அண்ணா, தப்பு என்னோடதுங்க" என்று கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங் அம்மணி ஆச்சு?"

"மூக்கன் புகைக்குப் புகை கைரேகை வெச்சிருக்கும். உங்க உமிப்புகையைப் பழக்குறேன்னு, அன்னைக்குச் சூடத்தையும் சாம்பிராணியையும் சேத்துப் பழக்கிட்டேன். இப்ப ஊருக்குள்ள யாரு சூடம் பத்த வெச்சாலும் அது உங்க பேருலதான் விழுகுது."

ராக்கியப்பன் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஊரு பூரா கும்பிட்ட சாமி எம்பேருலயா வந்திருக்குது! புண்ணியமுங் எனக்குத்தானுங்களே?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மேலதிகாரி தேவசகாயம் திருநெல்வேலிக்காரர். கெட்டவர் இல்லை, ஆனால் எந்தப் பிரச்சினையும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிந்துவிட வேண்டும் அவருக்கு.

"பொரிக்காரர் பதிவுல உமிய மட்டும் வச்சுட்டுச் சூடத்த எடுத்துருதேன். அது லேசு" என்றார். "ஒம் பதிவேட்டுல தப்புன்னு ஒரு கோடு விழும், பரவால்லியா?"

"விழட்டும் சார்."

"ஆனா அவரு பேர எடுத்தா அந்தச் சூடப்புகை பேரில்லாமல்லா நிக்கும்? பேரில்லாத புகை அஞ்சு சதவீதத்தத் தாண்டினா புதுப் பட்டியல் போவாது. பழைய பட்டியல்தான் நிக்கும். திங்கக்கிழமை நீ பொரிக்காரர் அடுப்பத்தான் மூடணும்."

"நானூத்திப் பன்னெண்டு வீடு சார். எல்லா வீட்டையும் தனித்தனியா பதிஞ்சா பங்கு பிரிஞ்சுரும்."

"வீட்டுக்கு இருவது நிமிசம். நாளோ ரெண்டு. கணக்கு ஒதைக்குல்லா? யாராவது ஒருத்தர் பேரச் சொல்லு."

"யாரு பேரச் சொல்றது? மாரியம்மன் கோயிலையா?"

"ஐயையோ, கோயில இழுக்காத. கலவரமாயிரும். ஒண்ணு செய்யலாம். கடைகடையா சாம்பிராணி போடுவாரே ஒரு பாய், அவரு பேருல போட்டுரு. மூடுததுக்கு அவர்ட்ட என்ன இருக்கு? தட்ட மட்டும் வாங்கி வச்சுக்கிடலாம். யாரும் கேக்க மாட்டாவ."

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது நிஜம்தான்.  காதர் பாய் ஒரே ஆள், குரல் இல்லாதவர். சட்டத்துக்கு எப்போதும் அப்படி ஒருவர்தான் சௌகரியம் போலிருக்கிறது. நேற்று வரை துளசிமணிக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"பேரு நான் தர்றேன் சார். ஆறு மணிக்குள்ள வந்துரும்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டில் அவள் கணவர் சென்னியப்பன் விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டுப் பூஜை அவர் பொறுப்பு. சூடத்தட்டைக் கையில் எடுத்தவர், மனைவி கைக்கருவியோடு பூஜை அலமாரிக்கு எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்காருவதைப் பார்த்தார்.

"ஏம்மணி, சாமிக்கே பரிசோதனையா?"

"நீங்க காட்டுங்க மாமா. இருபது நிமிஷம் அணையாமப் பாத்துக்குங்க. ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுட்டே இருங்க. சாம்பிராணியும் போடுங்க."

அவர் காட்டினார். கை வலித்தபோது மாற்றிப் பிடித்தார். கருவி பெயர் கேட்டது. துளசிமணி என்று தட்டினாள். கதவு எண் கேட்டது. நான்கு பை நூற்றுப் பதினேழு. முத்திரை வைத்தாள். அதன்பிறகுதான் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அதெப்படி? நானூறு ஊட்டுப் புகைக்கும் நீயா பொறுப்பு?"

"விதியில 'புகைக்கு உரியவர்'னுதான் போட்டிருக்குது. முழுப் புகைக்கும் உரியவர்னு போடல. நாமளும் பத்த வெக்கறோமுல்ல?"

"சரி" என்றார் சென்னியப்பன். முப்பது வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவருக்கு எங்கே வாதாடுவது, எங்கே விடுவது என்று தெரியும். "திங்கக்கிழமைக்குள்ள ஒரு தடவை சாமிகிட்ட எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கறேன். அப்புறம் ஆறு மாசம் பேச்சு வார்த்தை இருக்காதே."

அன்று மாலையே புதுப் பட்டியல் வந்தது. ராக்கியப்பன் பதினொன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தார். முதலிடம்: துளசிமணி, 4/117. தேவசகாயம் உடனே போன் செய்தார். குரலில் பதற்றம் இருந்தது.

"என்ன காரியம்மா செஞ்சிருக்க? அடுத்த அமாவாசைக்கு மூக்கன் சரிபாக்கும். முத்திர வச்ச பொறவும் அதே முகவரிலருந்து புகை வந்தா, நீ முத்திரைய ஒடச்சேன்னுதான் எழுதும். வேலை போயிரும். அத்தன வீட்டுக்காரங்களும் அன்னைக்குச் சூடம் ஏத்தத்தான செய்வாவ?"

அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. வேலை போனால் என்ன செய்வது என்று ஞாயிறு முழுக்க யோசித்தாள்.  ஆனாலும் சனி ஞாயிறு இரண்டு நாளும் பொரி வறுக்கும் வாசம் தெருவில் வந்தபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை தன் வீட்டுப் பூஜை அலமாரியைத் தானே மூடி, கதவின் குறுக்கே காகிதம் ஒட்டி, தானே முத்திரை வைத்தாள். மூக்கன் கம்பத்தில் பட்டியலையும் ஒட்டினாள். காற்று ஆபீசர் வீட்டுக்கே சீல் என்று தெரு இரண்டு நாள் சிரித்தது. சும்மா சொல்லக்கூடாது, அவளும் சேர்ந்து சிரித்தாள். ராக்கியப்பன் மட்டும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். கதவு எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பொரி மூட்டைகளோடு கடைகளுக்குக் கிளம்பினார்.

அந்த மாதம் துளசிமணி மூக்கனின் திரையைத் தட்டவே இல்லை. பார்த்து மட்டும் என்ன ஆகப்போகிறது? காலையில் மலையைப் பார்த்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். அப்படியே அமாவாசையும் வந்தது.

காலையில் அவள் மளிகைக்கடைக்கு உப்பு வாங்கப் போனாள். கடை வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது, ஆனால் அதன்மேல் கரி இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. காதர் பாய் வந்தார். தட்டில் நெருப்பு இல்லை. வெறும் மயிலிறகால் கடைக்குள் நாலு வீச்சு வீசி, வாய்க்குள் ஓதிவிட்டுப் போனார். கடைக்காரர் வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கு?" என்று மளிகைக்கடைக்காரரைக் கேட்டாள்.

"காலைலிருந்து ஒரு சூடம்கூட வித்துப் போகலீங்கக்கா. பூவுதான் எல்லாரும் வாங்குறாங்க, கோயிலுக்குங்கூட. தெரியாத மாதிரி கேக்குறீங்களே. பொரிக்காரரு போன மாசமே கடைக்குக் கடை, ஊட்டுக்கு ஊடு சொல்லிட்டாருங்களே."

"என்ன சொன்னாரு?"

"நம்ம எல்லாத்தோட புகையையும் அந்தம்மா ஒத்தை ஆளா வாங்கிக்கிச்சுன்னு. வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க. சாமி கோவிச்சுக்காது, பூவு போதும்னு எங்க ஊட்டுலதான் சொன்னாங்க. நீங்க உப்பு கேட்டீங்கல்ல?"

உப்பை வாங்கினாளா, மறந்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. நடந்தாள். வீட்டுக்கு வீடு வாசலில் கோலம் இருந்தது, பூ இருந்தது, கரி இல்லை. ஒரு வீட்டில் இவளைப் பார்த்ததும் ஒரு பெண் தலையை மட்டும் ஆட்டினாள். யாரும் இவளிடம் எதையும் சொல்லவில்லை. ஒரு மாதமாக நானூறு வீடும் இவளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷத்தில் நெஞ்சு வலிக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மூக்கன் சரிபார்ப்பை முடித்து அறிக்கையை அவள் கைக்கருவிக்கு அனுப்பியது. மூக்கனுக்கு மோப்பம் மட்டும்தான் தெரியும் என்று சொன்னோமல்லவா? அது தனக்குத் தெரிந்த வரையில் யோசித்து, தப்பே இல்லாமல் இப்படி எழுதியிருந்தது:

"கதவு எண் 4/117இல் உள்ள புகைவாய் மூடப்பட்ட பின், அவ்வகைப் புகை பூஜ்யம். ஆகவே நஞ்சாபுதூரின் சூடப்புகை முழுவதற்கும் இந்த ஒரு வீடு மட்டுமே காரணம் என்பது ஐயமின்றி உறுதியாகிறது. வேறு எந்த வீட்டுக்கும் இதில் பங்கில்லை. சான்றாளர் சரிபார்த்துக் கையொப்பமிடவும்."

துளசிமணி இரண்டு முறை படித்தாள். சென்னியப்பனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். அவர் மூடிக் கிடந்த அலமாரியைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் தெரிந்தே ஒரு பொய்க்கு அவள் கையெழுத்துப் போட்டதில்லை. இதற்குப் போட்டாள், முழுப் பெயரையும் எழுதி, நிறுத்தி, அழகாக.